ஒரே பந்தி: தரங்கம்பாடியிலிருந்து நெய்யூர் வரை

ஞாயிறு, தரங்கம்பாடி

இந்தப் பயணம் எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சபைகளில் இரண்டு பேச்சு ஓயாமல் கேட்கிறது. ஆத்துமாவை இரட்சிப்புக்குள் நடத்துவதுதான் ஊழியம், சமூக நீதியெல்லாம் அரசியல், அதற்குக் கட்சிகள் இருக்கின்றன என்பது ஒன்று. பசித்தவனிடம் பரலோகம் பேசாதே, நீதி செய், அதுவே சுவிசேஷம் என்பது இன்னொன்று. இரண்டு பக்கமும் நல்லவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் வசனம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தைத் தொடாமல் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். நம் மண்ணில் இந்தச் சண்டை ஏட்டில் நடந்ததல்ல, ஊர் ஊராக, கோயில் கோயிலாக நடந்தது, அதனால் அந்த ஊர்களுக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய மிஷனெரிகள் இங்கே கரை இறங்கினார்கள். டேனிஷ்காரர்களின் கோட்டை அதற்கு முன்பே, 1620லிருந்து, இங்கே நிற்கிறது. சீகன்பால்கு படித்த ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் பிராங்கே என்று ஒரு போதகர் இருந்தார். மனிதன் தன் நற்கிரியையால் இரட்சிக்கப்படுவதில்லை, கிருபையினால் மட்டுமே என்ற லூத்தரின் பாடத்தை வரி பிசகாமல் நம்பியவர். அதே மனிதர்தான் 1690களில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அநாதை இல்லமும் தொடங்கி, அதை ஒரு சிறு நகரம் அளவுக்கு வளர்த்தார். அவருக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. சீகன்பால்குக்கும் தெரியவில்லை: வந்த மறுவருடமே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். ஒரு நாவிதரின் விதவை, செத்துப்போன கணவரின் கடன் தகராறில் நியாயம் கேட்டு நின்றபோது அவருக்காகப் பேசப்போய்க் கோட்டை அதிகாரியோடு மோதல் முற்றி, கடைசியில் ஏறக்குறைய நாலு மாதம் சிறையில் கிடந்தார். வேதத்தைத் தமிழில் தர வந்தவர், ஒரு விதவையின் கடன் வழக்கில் எனக்கென்ன வேலை என்று ஒதுங்கவில்லை.

1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் இன்று ஆராதனைக்கு உட்கார்ந்தேன். சீகன்பால்கின் கல்லறை உள்ளேயே இருக்கிறது, 36 வயதில் இறந்திருக்கிறார். இந்த ஆலயத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டிய இன்னொன்றும் உண்டு. இதே சுவர்களுக்குள் சாதி வாரியாக இடம் பிரித்துத்தான் நெடுங்காலம் விசுவாசிகளை உட்கார வைத்தார்கள். பள்ளி தந்தார்கள், புத்தகம் தந்தார்கள், மருந்து தந்தார்கள், உட்காரும் இடத்தை மட்டும் ஒன்றாக்க முடியவில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதிப் பிரிவு உடனே ஒழியவேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஞானஸ்நானத்தை விடுவதைவிட இருக்கையை விடுவது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது.

இதை மனதில் குறித்துக்கொண்டுதான் தெற்கே போகிறேன்.

செவ்வாய், பாளையங்கோட்டை

நேற்று முழுக்கப் பிரயாணம், எழுத ஒன்றும் இல்லை.

இன்று காலை குளோரிந்தா கட்டிய சின்னக் கோயிலுக்குப் போனேன். ஊரில் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்கிறார்கள். பிராமண விதவை. 1778இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், 1785இல் இந்தக் கோயில் எழும்பியது. 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள், முதல் பெயர் அவருடையது, மற்றவர்கள் பல சாதியார். இன்றைக்குப் பல லட்சம் பேராக இருக்கும் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கம் அந்தப் பட்டியல்தான் என்பதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒரு விதவையின் பெயர் தலைப்பில் நிற்க, அவருக்குக் கீழே, பிறப்பால் அவரோடு ஒரு திண்ணையில்கூட உட்கார முடியாதவர்களின் பெயர்கள்.

அடுத்து ரேனியஸ் என்ற ஜெர்மானிய மிஷனெரி. 1820இல் இங்கே வந்து 1838இல் இங்கேயே இறந்தவர். அவரைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் பிரசங்கத்தையும் தமிழ்ப் புலமையையும் சொல்வார்கள், எனக்கு முக்கியமாகப் படுவது 1830இல் அவர் தொடங்கிய தர்ம சங்கம். அது ஏன் வந்தது என்று பார்க்கவேண்டும். ஒரு குடும்பம் விசுவாசித்தால் மறுநாளே நிலக்காரர் குடிசையைப் பிரித்துப் போடச் சொல்வார், கிணற்றில் தண்ணீர் கிடையாது, பனையேற மரம் கிடையாது. இந்த நிலையில் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று ஜெபித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவது எப்படி? அதனால் சங்கம் பணம் திரட்டி நிலம் வாங்கியது, துரத்தப்பட்டவர்கள் அதில் குடியேறினார்கள். அதற்கு முன்பே, 1799இல், தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் இப்படித்தான் முதலூரை உண்டாக்கினார். நிலம் வாங்கியது சமூகப் பணி, பிரசங்கம் ஆவிக்குரிய பணி என்று இன்று நாம் பிரிக்கும் கோடு அவர்கள் கணக்கில் எங்கே விழுந்திருக்கும்? நிலம் இல்லாமல் அந்த மக்கள் விசுவாசத்தில் ஒரு மாதம் நிலைத்திருக்க முடியாது, விசுவாசம் இல்லாவிட்டால் அந்த நிலத்தின் தேவையே வந்திருக்காது.

ரேனியஸ் இன்னொன்றும் செய்தார். தன் செமினரியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். பெற்றோர்கள் எதிர்த்தார்கள். படிப்பை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள், பந்தியை ஏற்கத் தயாராக இல்லை. தரங்கம்பாடியில் பார்த்த அதே இடத்தில் வந்து நிற்கிறோம்.

வியாழன், வெள்ளாளன்விளை வழியாக இடையன்குடி

தேரிக்காட்டு வழி, செம்மண்ணும் பனையும். வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர் அசரியா. 1912இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். ஆனால் அவரை நான் நினைப்பது 1910 எடின்பரோ மாநாட்டுக்காக. உலகத்தின் பெரிய மிஷனெரித் தலைவர்கள் கூடியிருந்த சபையில் இந்த இளைஞர் எழுந்து நின்று, நீங்கள் உங்கள் சொத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், உங்கள் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்திருக்கிறீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13ஐ எடுத்து அவர்கள் முன்னாலேயே வைத்துவிட்டார்.

நற்கிரியைக்கு ஒரு ஆபத்து உண்டு. கொடுக்கிறவர் தன் நாற்காலியிலிருந்து இறங்காமலே கொடுக்கலாம். பள்ளி கட்டலாம், கஞ்சி ஊற்றலாம், மருந்து கொடுக்கலாம், சாயங்காலம் தன் வீட்டுக்குப் போய்த் தன் மேசையில் தன்னைப்போன்றவர்களோடு மட்டும் சாப்பிடலாம். நீதி என்பது நாற்காலியையே கேட்கிறது. அசரியா கேட்டது அதைத்தான்.

சாயங்காலம் இடையன்குடி. மிஷனெரி கால்டுவெல் 1841இல் வந்து ஏறக்குறைய 50 ஆண்டு ஊழியம் செய்த ஊர். கோயில் 1880இல் நிறைவுபெற்றது, கட்டி முடிக்க 30 ஆண்டுக்கு மேல் ஆனது. தெருக்கள் நேர்கோட்டில் இருக்கின்றன, பள்ளி இருக்கிறது, அவர் மனைவி எலிசா நாகர்கோவிலிலேயே பிறந்து வளர்ந்து தமிழைத் தாய்மொழிபோலப் பேசியவர், பெண்களுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். 1876-78 பஞ்சத்தில் இந்தப் பக்கத்து மிஷனெரிகள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு உதவினார்கள். இவ்வளவு நன்மைக்கும் நடுவில், 1849இல் கால்டுவெல் தான் ஊழியம் செய்த நாடார் மக்களைப் பற்றியே ஒரு நூல் எழுதினார், அதில் அவர்களைத் தாழ்த்தி எழுதியிருந்தது தெரியவந்ததும் அந்த மக்கள் கொதித்துப்போனார்கள். அப்படிக் கொதித்தவர்களில் ஒருவர்தான் சட்டாம்பிள்ளை. உபதேசியாராக இருந்தவர், வெள்ளைக்காரர் இல்லாத தனிச் சபை ஒன்றை 1857இல் அமைத்தார்.

கால்டுவெல்லின் உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன், அது மிகப் பெரிது. ஆனால் சட்டாம்பிள்ளையின் கோபத்தைச் சபை வரலாறு வெறும் "பிரிவினை" என்று ஒரு வரியில் கடந்துபோவது எனக்குப் பிடிக்கவில்லை. கொடுத்த பள்ளிக்கும் கோயிலுக்கும் நன்றியாக அவமானத்தைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

வெள்ளி, வடக்கன்குளம், காற்றாடிமலை

இன்றைய நாளை நீளமாகவே எழுதப்போகிறேன்.

வடக்கன்குளத்தில் 1745 மே மாதம், திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். மாறிய பிறகு அவர் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார். மேல்சாதி அரண்மனை உத்தியோகஸ்தருக்கு இது சும்மா பழக்கவழக்கம் அல்ல, அன்றைய ஒழுங்கையே உடைப்பது. பிடித்தார்கள், எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்தார்கள், வருடக்கணக்கில் வதைத்து 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15இல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது சாதிப் பெயர் இல்லாமல் தேவசகாயம் என்றே அறிவித்தார்.

சரி. அதே வடக்கன்குளத்தில், அவர் ஞானஸ்நானம் பெற்று நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 1872இல், ஒரு கோயில் கட்டினார்கள். கால்சட்டையின் இரண்டு கால்போல இரண்டு நீளக் கூடங்கள், இரண்டும் சேரும் இடத்தில் பீடம். ஒரு கூடத்தில் வெள்ளாளர், இன்னொன்றில் நாடாரும் மற்றவர்களும். இரண்டு பக்கத்தாரும் குருவானவரைப் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்கவேண்டியதில்லை. 1910இல்தான் நடுவிலிருந்த தடுப்பை இடித்தார்கள். எதிர்த்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனார்கள், தோற்றார்கள்.

அந்தக் கோயிலுக்குள் நின்றபோது எனக்குக் கலாத்தியர் இரண்டாம் அதிகாரம்தான் வந்தது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து எழுந்து விலகிக்கொள்கிறார். அவர் எந்த உபதேசத்தையும் மாற்றவில்லை. சிலுவையை மறுக்கவில்லை, உயிர்த்தெழுதலை மறுக்கவில்லை, பந்தியை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். பவுல் அதை மரியாதைக் குறைவு என்றோ சமூகப் பிரச்சினை என்றோ சொல்லவில்லை, "சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி சரியாய் நடவாததை" கண்டேன் என்று சொல்லி எல்லாருக்கும் முன்பாக எதிர்த்து நின்றார். அதற்கு அடுத்த வரிகளிலேயே, நியாயப்பிரமாணத்தின் கிரியைகளினாலே எவனும் நீதிமானாவதில்லை என்ற அந்தப் பெரிய வாதம் தொடங்குகிறது. அதாவது, விசுவாசத்தினாலே மட்டும் இரட்சிப்பு என்ற உபதேசத்தைப் பவுல் அங்கே எடுத்துப் பேசத் தொடங்கியதே ஒரு சாப்பாட்டுப் பந்தித் தகராறில்தான்.

ஆகவே, கிருபை மட்டும் என்று உரக்கச் சொல்கிற சபைதான் தடுப்புச் சுவரை முதலில் இடிக்கவேண்டிய சபை. என் கிரியையால், என் பிறப்பால், என் பரிசுத்தத்தால் இந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை என்று உண்மையாகவே நம்புகிறவன், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து "உனக்கு இந்த வரிசை இல்லை" என்று எந்த வாயால் சொல்வான்? ஞாயிறன்று சொன்ன அந்த இரண்டு கட்சியும் தாண்டிப்போகிற இடம் இது என்று நினைக்கிறேன். ஆத்துமா மட்டும் என்பவர்கள், கிருபை பந்திவரை வரும் என்பதைப் பார்க்க மறுக்கிறார்கள். நீதி மட்டும் போதும் என்பவர்கள், சமத்துவத்துக்கு ஆழமான ஒரு வேரைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த இளைஞர் சட்டம் படிக்கிறாராம். "அண்ணே, 1950 உத்தரவைப் பற்றியும் எழுதுங்க" என்றார். எழுதுகிறேன். பட்டியல் சாதியினர் யார் என்று வரையறுக்கும் 1950ஆம் ஆண்டு ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று தொடங்கி, 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தது, தலித் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது அதன் அடிப்படை. போய்விடவில்லை என்று சபைத் தலைவர்கள் பல ஆண்டாக அரசிடம் மனுக் கொடுக்கிறார்கள், அந்தக் கோரிக்கை நியாயமானது, நானும் அதை ஆதரிக்கிறேன். "அரசாங்கத்துக்கிட்ட சாதி இருக்குன்னு சொல்றோம், நம்ம கல்லறைத் தோட்டத்துக்கு வந்தா அப்படி ஒண்ணும் இல்லைன்னு சொல்றோம்" என்றார் அந்தத் தம்பி. தன் ஊர்ச் சபையில் தன் தாத்தாவைப் புதைக்க வேலிக்கு அந்தப் பக்கம்தான் இடம் கொடுத்தார்களாம்.

சனி, மயிலாடி, சாமிதோப்பு, நாகர்கோவில்

மயிலாடிக்காரர் வேதமாணிக்கம் தஞ்சாவூர் போய் விசுவாசியாகித் திரும்பி வந்து கூப்பிட்டதால்தான் 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனெரி திருவிதாங்கூருக்குள் வந்தார். தலைவரியும் கூலியில்லா ஊழியமும் மக்களை நசுக்கிய காலம். சிலர் அந்தப் பாரத்திலிருந்து தப்பிக்கவே சபைக்கு வருகிறார்கள் என்று ரிங்கல்தௌபே கவலைப்பட்டார். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது, ஆனாலும் எகிப்தில் செங்கல் சுமந்தவர்கள் கூக்குரலிட்டபோது அவர்கள் நோக்கம் சுத்தமா என்று தேவன் விசாரிக்கவில்லை.

மேல்சாதியார் அல்லாத பெண்கள் மேலுடம்பை மூடும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது, நான் ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். மிஷனெரிகளின் மனைவிமார் கிறிஸ்தவப் பெண்களுக்கு ஒரு தளர்ந்த சட்டையை, குப்பாயத்தை, தைத்துக் கொடுத்தார்கள். அரசும் அதற்குச் சம்மதித்தது, 1829 பிப்ரவரி 3ஆம் தேதி அறிவிப்பு அதைத்தான் சொல்கிறது: சட்டை போட்டுக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப்போல மேல்துணி போடக்கூடாது. உடம்பு மூடியாகிவிட்டது, நாகரிகக் குறை தீர்ந்தது, பிரச்சினை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். பெண்கள் நினைக்கவில்லை. சட்டைக்கு மேலே தோள்சீலையையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள், அடிபட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது, கோயில்களும் பள்ளிகளும் எரிந்தன, திரும்பவும் போட்டுக்கொண்டு போனார்கள். குப்பாயம் நற்கிரியை, அது நல்லதுதான். தோள்சீலை நீதி. கைகொடுத்த மிஷனெரி அம்மாமாரைவிட அந்தப் பெண்களே சுவிசேஷத்தைக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள் என்று நான் துணிந்து சொல்வேன். தேவசாயலில் படைக்கப்பட்டவள், கிறிஸ்து எனக்காக மரித்தார் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டவள், திங்கட்கிழமை சந்தையில் அதை நம்பி நடந்தாள். 1859 ஜூலை 26ஆம் தேதி மேலுடம்பை மூட அனுமதிக்கும் அறிவிப்பு வந்தபோதும்கூட மேல்சாதிப் பெண்கள் போடுகிற அதே விதத்தில் போடக்கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது.

மத்தியானம் சாமிதோப்பு, அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரின் ஊர். ஒரு கிறிஸ்தவப் பயணத்தில் இது எதற்கு என்று கேட்பீர்கள். அய்யா வைகுண்டர் மிஷனெரிகளையும் விமர்சித்தவர், அரசரையும் எதிர்த்துச் சிறை போனவர், தலைப்பாகை கட்ட அனுமதி இல்லாத மக்களைத் தலைப்பாகையோடு வழிபட வைத்தவர். அதே மண்ணில் அதே வருடங்களில் அதே கொடுமைக்கு எதிராக எழுந்த குரல். நீதியின் மேல் பசிதாகம் உள்ளவர்கள் சபைச் சுவருக்கு உள்ளேதான் இருப்பார்கள் என்று இயேசு சொல்லவில்லை, அதனால் நானும் தலைவணங்கிவிட்டு வந்தேன்.

நாகர்கோவிலில் ஹோம் சர்ச் பார்த்தேன். அருகில் ஒரு வயதான அம்மா, லேஸ் பின்னிய தலைமுறையின் பேத்தி, "மக்களே, அந்தக் காலத்தில் பின்னின காசுல தன்னைத்தானே மீட்டவங்க உண்டு" என்றார். உண்மைதான். மார்த்தா மால்ட் அம்மையார் தொடங்கிய லேஸ் பின்னலின் கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். ஆனால் ஒவ்வொருவராக விலை கொடுத்து மீட்டால் அடிமைமுறை எப்போது முடியும்? மிஷனெரிகள் 1847இல் அரசருக்கு மனு எழுதினார்கள், 1855 ஜூன் 24இல் சட்டமே மாறியது. கூலியும் வேண்டியிருந்தது, மனுவும் வேண்டியிருந்தது.

ஞாயிறு, நெய்யூர்

1838இல் ராம்சே என்ற மருத்துவர் இங்கே வைத்தியம் தொடங்கினார். இந்த மருத்துவமனையின் வரலாற்றில் என்னை நிறுத்தி வைக்கிறவர் சாமர்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர். முதல் உலகப்போரின் சோம் போர்க்களத்தில் அறுவை மேசையில் நின்றவர், 1922இல் எவரெஸ்ட் ஏற வந்தார். ஜூன் 7ஆம் தேதி பனிச்சரிவில் ஏழு சுமைக்காரர்கள் இறந்தார்கள், வெள்ளைக்காரர் ஒருவரும் இறக்கவில்லை. அது அவரை வாட்டியது, இந்த மரணத்தில் எங்களில் ஒருவராவது பங்குபெற்றிருக்கலாமே என்று வருந்தினார். பிறகு ஊர் சுற்றிப் பார்க்க தெற்கே வந்தவர், நெய்யூரில் ஒரே அறுவை மருத்துவரைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்து, லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இருபது வருடத்துக்கு மேல் இங்கே உழைத்தார்.

மருத்துவமனை என்றாலே, மதம் மாற்றத் தூண்டில் என்று ஒரு குற்றச்சாட்டு வரும், அதற்குப் பயந்து கிறிஸ்தவர்களே வாயைத் திறக்காமல் இருப்பதும் நடக்கிறது. இரண்டுக்கும் லூக்கா 17 போதும் என்று நினைக்கிறேன். பத்து குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான், அவனும் சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், அந்தக் கேள்வியில் வருத்தம் இருக்கிறது, அவர்கள் திரும்பி வருவதை அவர் விரும்பினார். ஆனால் ஒன்பது பேருக்கும் குஷ்டம் திரும்பவில்லை. சுவிசேஷத்தைச் சொல்ல வெட்கப்படவேண்டாம், சுகத்துக்கு அதை விலையாக வைக்கவும் வேண்டாம்.

ஆராதனை முடிந்து வெளியே, ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "கேட்டா சொல்லுவோம், கேக்கலேன்னா ஜெபம் பண்ணிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம், கட்டு மாத்தணும்லா" என்றார்.

நாளை ஊர் திரும்புகிறேன். அடுத்து போகவேண்டியது தெலுங்கு நாட்டு டோர்னக்கல். மாலா, மாதிகா என்ற தலித் மக்களோடு அசரியா ஊழியம் செய்த இடம் அது, எடின்பரோவில் கேட்டதை அவர் தன் சொந்தப் பேராயத்தில் எப்படிச் செய்தார் என்று பார்க்கவேண்டும். அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் சபையில் தனி வரிசையோ, தனிக் கல்லறையோ, தனிப் பந்தியோ இருந்து, அதை இடித்த கதை தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். எந்த வருடம், யார் முதலில் எழுந்து பேசினார்கள், யார் சபையை விட்டுப் போனார்கள், போனவர்கள் திரும்பி வந்தார்களா, எல்லாம் வேண்டும். இன்னும் இடிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.